காசநோய் மாதிரியே இருக்கும், ஆனா காசநோய் இல்லை

கோமுகி அணையில் தண்ணீர் திறந்தாச்சுன்னா வடக்கனந்தல் பக்கம் சேடை ஓட்டி நாற்று நடுகிற வேலை ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்ட ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழக்கூடிய ஒரு பாக்டீரியாவால் வருவதுதான் 'மெலியாய்டோசிஸ்'. தோல் வெட்டு, கீறல் வழியாகவோ, மூச்சு வழியாகவோ உள்ளே போகும். அதிகம் பாதிக்கப்படுவது நுரையீரல்தான்.

பேர் புதுசா இருக்கலாம், நோய் புதுசு இல்லை. 1911-ல் ரங்கூனில் இதை முதலில் கண்டவர்கள் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இரு மருத்துவர்கள். தமிழ்நாட்டிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டு வருகிறார்கள்.

காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, எடை குறைவது என எல்லாமே காசநோய் போலவே இருக்கும். எக்ஸ்ரேயிலும் அப்படியே தெரியலாம். அதனால், சளிப் பரிசோதனையில் காசநோய் கிருமி இல்லை என்று வந்தும், அல்லது காசநோய் மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை என்றால், "கல்ச்சர் டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கூடவே, "எனக்குச் சர்க்கரை இருக்கு, வயல்ல வேலை செய்யறேன்" என்பதையும் சொல்லுங்கள். இந்த ஒரு வரி பெரிய உதவி. ஏனென்றால் சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது. ரத்தம், சளி, சீழ் ஆகியவற்றைக் கல்ச்சர் செய்தால்தான் உறுதியாகும். சந்தேகத்தை லேபுக்கும் தெரிவிக்காவிட்டால், சாதாரணக் கிருமி என்று ஒதுக்கிவிடவும் வாய்ப்புண்டு.

சிகிச்சை இரண்டு கட்டம். முதலில் மருத்துவமனையில் தங்கி, செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி, குறைந்தது 10 முதல் 14 நாள். பிறகு வீட்டில் கோட்ரைமாக்சசோல் மாத்திரை, குறைந்தது 3 மாதம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். காய்ச்சல் போனதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்ப வரும், உயிருக்கே ஆபத்து. செல்போனில் தினமும் அலாரம் வையுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்காதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது பரவுவது மிக அரிது.

காலில் புண் இருந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்காதீர்கள். இறங்கியே ஆகணும்னா, புண்ணை மூடி பூட்ஸ் போடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கே வருவார். சந்தேகம் கேட்க 104. மூச்சுத் திணறினால் உடனே 108.