சனிக்கிழமைத் தலைவலிக்குத் திங்கட்கிழமையே மருந்து

ஆசிரமத்தில் இரண்டு நாள் தங்கி யோகா செய்யப்போகிறேன் என்று சொல்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எனக்குச் சிரசாசனம் வராதே, பரவாயில்லையா?" என்பதுதான். பரவாயில்லை. அங்கே வருகிற பலருக்கும் வராது. நான் திருப்பிக் கேட்கும் கேள்வி வேறு: "ஒரு நாளைக்கு எத்தனை காபி?"

யோகா சொல்லிக்கொடுப்பது என் தொழில். வார இறுதிகளில் மாணவர்களை ஆசிரமங்களுக்கு அனுப்பிவைப்பதும் அதில் ஒரு பகுதி. பாதியில் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியவர்களில் ஒருவர்கூட ஆசனம் கஷ்டமாக இருந்தது என்று சொன்னதில்லை. தலைவலி, தூக்கம், பசி, முழங்கால் இந்த நான்கில் ஒன்றுதான் காரணமாக இருந்திருக்கிறது. நான்கையும் வீட்டில் இருந்தபடியே சரிக்கட்டிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை கிளம்புகிறவர் திங்கட்கிழமை தொடங்கினால் போதும்.

நான் பெரும்பாலும் அனுப்புவது சிவானந்தர் மரபில் வந்த ஆசிரமங்களுக்கு. நமக்கு எட்டும் தூரத்தில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், அகத்தியமலை அடிவாரப் பக்கம் உள்ள நெய்யாறு அணை ஆசிரமம்; சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தர் 1978இல் தொடங்கியது. மற்றது மதுரைக்கு வடக்கே, பாலமேடு வட்டாரத்தில் இருக்கிறது. இந்த மரபின் மூலவர் நம் ஊர்க்காரர் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில், கோரைப்பாய்க்குப் பேர்போன அதே பத்தமடையில். மலேயாவில் மருத்துவம் பார்த்துவிட்டு ரிஷிகேசம் போய், 1924இல் துறவு பூண்டு, 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவியவர். உடம்பைப் பற்றி மருத்துவருக்கு இருக்கும் அக்கறை அந்த மரபின் நாள் ஒழுங்கில் இன்றும் தெரிகிறது. அந்த ஒழுங்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். தயாரிப்பு முழுக்க அதிலிருந்துதான் வருகிறது.

காலை 5.20க்கு எழுப்பும் மணி. 6 மணிக்குச் சத்சங்கம்: அரை மணி நேரம் மௌன தியானம், பிறகு கீர்த்தனை, ஒரு சிறிய உரை, ஆரத்தி. அது முடிந்து 7.30க்குச் சூடாகக் குடிக்க ஏதாவது கிடைக்கும். 8 மணிக்கு ஆசன வகுப்பு. 10 மணிக்குத்தான் முதல் சாப்பாடு. 11க்குக் கர்மயோகம், பிற்பகல் 2 மணிக்குச் சொற்பொழிவு, 3.30க்கு மறுபடி ஆசனம், 6 மணிக்கு இரண்டாவது சாப்பாடு, 8 மணிக்கு மறுபடி சத்சங்கம். பத்தரைக்குள் விளக்கு அணைந்துவிடும். இடத்துக்கு இடம் கால் மணி, அரை மணி முன்பின் ஆகலாம், வரிசை மாறாது.

கூட்டிப் பாருங்கள். இரண்டு வேளை ஆசனமும் சேர்ந்து நான்கு மணி நேரம் வரும். சத்சங்கம், சொற்பொழிவு, சாப்பாடு என்று தரையில் சம்மணம் போட்டு உட்காரும் நேரமோ ஐந்து மணியைத் தாண்டும். பயிற்சி வேண்டியது எதற்கு என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

ஆகவே முதல் வேலை, திங்கள் முதல் வீட்டில் மூன்று வேளையும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தொலைக்காட்சியும் தரையில் உட்கார்ந்தே பாருங்கள். நாற்காலியிலேயே வாழ்ந்த இடுப்புக்கு ஐந்து நாளில் பெரிய நெகிழ்ச்சி வந்துவிடாது. ஆனால் எந்த உயரத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கு வலிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். அதுதான் வேண்டும். சம்மணம் போடும்போது முழங்கால்கள் இடுப்பைவிட உயரத்தில் நின்றால் முதுகு கூன் போடும், பத்து நிமிடத்தில் இடுப்பு வலிக்கும். ஒரு கெட்டிப் போர்வையை நான்காக மடித்துப் பின்பாகத்துக்கு மட்டும் கீழே வையுங்கள். முழங்கால்கள் தாழும், முதுகு தானாக நிமிரும். அந்தப் போர்வையையே ஆசிரமத்துக்கும் கொண்டுபோங்கள். தொடை இழுப்பதும் கால் மரத்துப்போவதும் சகஜம். மெதுவாகக் காலை மாற்றிக்கொண்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முழங்கால் மூட்டுக்குள்ளேயே சுருக்கென்று வலித்தால் மட்டும் பொறுக்காதீர்கள். கூச்சப்படாமல் நாற்காலி கேளுங்கள், அல்லது சுவரோரம் காலை நீட்டி உட்காருங்கள். மூட்டைப் பணயம் வைத்துச் செய்கிற தியானத்தில் மனம் முழுக்க மூட்டில்தான் இருக்கும்.

இனி காபி. இந்த ஆசிரமங்களில் காபி கிடையாது. வெங்காயம், பூண்டு, முட்டை, இறைச்சி, புகை, மது எதுவும் கிடையாது. வெங்காயம் இல்லாத சாம்பாருக்கு நாக்கு ஒரே வேளையில் பழகிவிடும். காபி அப்படி விடாது. தினமும் காபி குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் பன்னிரண்டு மணியிலிருந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். முதல் இரண்டு நாளில்தான் அது உச்சத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகல் கடைசி டம்ளரைக் குடித்துவிட்டு வண்டி ஏறுகிறவருக்குச் சனிக்கிழமை விடியும்போது நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பிக்கும். ஞாயிறு மதியம் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்வரை கூடவே இருக்கும். வந்த இரண்டு நாளும் தலைவலியோடு போயின என்றால் அது ஆசிரமத்தின் குற்றம் இல்லை. "அந்த இடமே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்ன ஒருவரிடம் விசாரித்தபோது, தினமும் ஐந்து டம்ளர் டிகிரி காபி குடிப்பவர் என்று தெரிந்தது. அடுத்த முறை முன்கூட்டியே குறைத்துக்கொண்டு போனார். பிறகு இடத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வழக்கமான அளவில் முக்கால் பங்கு. செவ்வாய், புதன் அரைப் பங்கு. வியாழன் காலையில் அரை டம்ளர். வெள்ளியன்று ஒன்றும் வேண்டாம். தலை லேசாக வலித்தால் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அன்றிரவு சீக்கிரம் படுத்துவிடுங்கள். டீ குடிப்பவர்களுக்கும் இதே கணக்குதான். ஐந்து, ஆறு டம்ளர் குடிக்கும் ஆளாக இருந்தால் ஒரு வாரம் போதாது, இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பசியைப் பற்றி இரண்டு விதமாகப் பேச வேண்டும். உடம்புக்கு ஒரு கோளாறும் இல்லாதவர் என்றால், மாலை 6 மணிச் சாப்பாட்டுக்கும் மறுநாள் காலை 10 மணிச் சாப்பாட்டுக்கும் நடுவில் உள்ள பதினாறு மணி நேரம் அவரை ஒன்றும் செய்யாது. வாரத்தின் கடைசி மூன்று நாள் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் முடித்துப் பழகினால் போதும். பத்து மணிச் சாப்பாட்டில் மட்டும் பசித்த வேகத்தில் வயிறு முட்டத் தின்றுவிடாதீர்கள். இரண்டு மணிச் சொற்பொழிவில் தூங்கி விழுபவர்களில் பலர் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர்கள்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு இது வேறு சங்கதி. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்து, நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆசனமும் செய்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். மருத்துவரிடம் இந்த நேரப்பட்டியலைக் காட்டி மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரமத்தில் முன்பதிவு செய்யும்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள். காலையில் பழமோ கஞ்சியோ வேண்டும் என்று கேளுங்கள். பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும், ஆசன மண்டபத்துக்குள்ளும் கூடவே வரட்டும்.

பிரஷர் உள்ளவர்களும் கண் நீர்அழுத்த நோய் உள்ளவர்களும் தலைகீழ் ஆசனங்களைத் தொட வேண்டாம். சிரசாசனம் செய்யும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் இரண்டு மடங்காகிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் அளந்து 2006இல் வெளியிட்டிருக்கிறார்கள். கழுத்து எலும்புத் தேய்மானம், அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம், மாதவிடாய் எதுவானாலும் வகுப்பு தொடங்குமுன் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மரபின் வகுப்பு கபாலபாதி, நாடி சுத்தி, சூரிய நமஸ்காரம், பிறகு பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள் என்று போகும். அந்தப் பன்னிரண்டில் சிரசாசனம்தான் முதல். பக்கத்தில் இருப்பவர் காலைத் தூக்கி நிற்கும்போது நீங்கள் குழந்தைபோல் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்திருக்க வேண்டியிருக்கும். அப்படியே இருங்கள்.

தூக்கத்துக்கு ஒரே வழி, புதன் முதல் இரவு பத்துக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவது. வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டிப் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். சில இடங்களில் அந்த நேரத்தில் கதவே திறக்க மாட்டார்கள்.

எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான். தொளதொளப்பான பருத்தி உடைகள், தோளும் முழங்காலும் மூடும்படி. படுக்கை விரிப்பு, கொசுவுக்குப் பூசிக்கொள்ள ஏதாவது, டார்ச், தண்ணீர் பாட்டில், சிறு பூட்டு, காலைக் குளிருக்கு ஒரு சால்வை. ஆசனத்துக்கு வீட்டுப் பாய் எடுத்துப்போவதானால் வழவழப்பான தரையில் வழுக்குகிறதா என்று ஒருமுறை நின்று பார்த்துவிடுங்கள்.

இனி, பலருக்கும் உறுத்தும் ஒன்று. "பணம் கட்டித்தானே வந்திருக்கிறோம், எதற்குப் பாத்திரம் கழுவச் சொல்கிறார்கள்?" கர்மயோகம் என்ற பெயரில் அந்த ஒரு மணி நேரம் காய் நறுக்கவோ, மண்டபம் பெருக்கவோ, குளியலறை கழுவவோ சொல்வார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. இரண்டு நாளில் ஆசிரம வாழ்க்கை என்பது எது என்று ஒன்றைத்தான் காட்டலாம் என்றால், நான் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் காட்டுவேன். ஆசனம் உங்கள் ஊர் வகுப்பிலேயே கிடைக்கும். முன்பின் தெரியாத முப்பது பேருக்காக, யாரும் பாராட்டப்போவதில்லை என்று தெரிந்தே ஒரு கூடைப் பூசணிக்காயைத் தோல் சீவும் வாய்ப்பு ஊரில் கிடைக்காது. பெருக்கும்போது நாம் ஒவ்வொருவரும் எப்படிப்பட்டவர் என்று நமக்கே தெரியவரும்: அவசரக்காரர், பக்கத்து ஆளின் மூலையைத் திருத்துகிறவர், மேற்பார்வை பார்க்கப் போய்விடுகிறவர். வீட்டில் துடைப்பமே எடுக்காத ஆண்களுக்கு இதை நான் குறிப்பாகச் சொல்கிறேன். பிடித்த வேலையைக் கேட்டு வாங்காதீர்கள். கொடுத்ததைச் செய்யுங்கள், பேசாமல் செய்யுங்கள். முதுகு வலி இருந்தால் மட்டும், குனியாத வேலை கேட்கலாம்.

சத்சங்கத்தில் கீர்த்தனையும் ஆரத்தியும் உண்டு, எல்லோரும் வர வேண்டும் என்பது விதி. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வேறு மதத்தவர்களும் என்னிடம் கேட்பார்கள். உட்கார்ந்து கேட்பதில் தயக்கம் இல்லை என்றால் தாராளமாகப் போகலாம். பாடாமல் இருப்பது தவறில்லை. அதுவே உறுத்தும் என்றால் வேறு வழி தேடுங்கள். சென்னையில் யோக ஆசிரியர் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தில் ஒவ்வொருவருக்கும் தனியாக, அவரவர் உடம்புக்கு ஏற்பச் சொல்லிக்கொடுப்பார்கள். அங்கே ஆசிரம வாசம் கிடையாது. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் அமைதியாகத் தங்கலாம். அங்கே ஆசன வகுப்பு கிடையாது. எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள்.

எந்த ஆசிரமமானாலும், எவ்வளவு பெரிய பெயரானாலும், சிலவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். போனை அணைத்து வையுங்கள், ஆனால் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஆசனத்தைத் திருத்த ஆசிரியர் தொடுவது வேண்டாம் என்றால், "தொடாமல் வாயால் சொல்லுங்கள்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடலாம். நல்ல ஆசிரியர் அதை மரியாதையாக ஏற்பார். சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், தனியாக வரச்சொல்கிறவர், வெளியே சொல்லாதே என்கிறவர் காவி உடுத்தியிருந்தாலும் சரி, அன்றே கிளம்பிவிடுங்கள். பெண்களுக்கு இதை இரண்டு முறை சொல்கிறேன்.

ஞாயிறு மதியம் கிளம்பும்போது உடம்பு லேசாக, காது கூர்மையாக இருக்கும். பேருந்து நிலையத்து இரைச்சல் அறைந்தாற்போலத் தோன்றும். வழியில் பரோட்டாவும் சால்னாவும் வேண்டாம். இரண்டு நாள் சாத்விகச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு அதைத் தாங்காது. இட்லியோ தயிர்ச்சாதமோ போதும். இரவே வீட்டில் எல்லாக் கதையையும் சொல்லித் தீர்க்க வேண்டாம். போன இடத்தின் ஒழுங்கில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: காலை அரை மணி நேரம் பேசாமல் உட்காருவதா, ஏழு மணிக்குள் இரவுச் சாப்பாடா, எது உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கியவர்கள் புதன்கிழமைக்குள் எல்லாவற்றையும் விட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். காபியை மறுபடி ஆரம்பிப்பதானால், திங்கள் காலை அரை டம்ளர்.