யாருடைய கையெழுத்து?

சிங்கப்பூரில் மரச்சாமான் கடை நடத்துகிறேன். ஹோ சி மின் நகரத் தொழிற்சாலை ஒன்றின் விற்பனை மேலாளர், ஒப்பந்தத்தில் தானே கையெழுத்திடுவதாகச் சொல்கிறார். போதுமா?

போதாது. வியட்நாமில் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட வேண்டியவர் அதன் சட்டப் பிரதிநிதி. அவர் பெயர் தொழில் பதிவுச் சான்றிதழில் இருக்கும். நகலைத் தயங்காமல் கேளுங்கள். அங்கே அது வழக்கமான கேள்விதான். மேலாளர்தான் போடுவார் என்றால், பிரதிநிதி எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதம் வேண்டும். நிறுவனத்தின் சிவப்பு முத்திரையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 2015 முதல் முத்திரையின் வடிவத்தை நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம்.

தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் மன்றம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் வியட்நாம் 1995-லேயே சேர்ந்துவிட்டதால், அந்தத் தீர்ப்பை அங்கே நிறைவேற்றக் கோர வழியுண்டு. இன்னொன்று: வியட்நாமியரின் தெத் புத்தாண்டுக்குத் தொழிற்சாலைகள் மூடிவிடும். சரக்கை அதற்கு முன்பே ஏற்றச் சொல்லுங்கள்.