தரவுத்தளத்தின் வேகத்தை அளப்பது எப்படி?

நூலகத்தில் நாம் புத்தகம் எடுக்கும்போது, நம் பெயரும் புத்தக எண்ணும் கணினியில் பதிவாவதைப் பார்த்திருக்கிறோம். இவ்வாறு முறைப்படுத்திக் காக்கப்படும் பதிவுகளின் தொகுதியே தரவுத்தளம். அதை நடத்தும் மென்பொருளையும் அப்பெயராலேயே அழைப்பது வழக்கம். கணினியின் நினைவகம், வட்டு முதலிய உறுப்புகள் அனைத்தையும் மேற்பார்த்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள் இயக்குதளம் எனப்படும். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகியவை இயக்குதளங்களே. ஒரே தரவுத்தளத்தை இவை ஒவ்வொன்றிலும் ஓட்டினால், எதில் விரைவாக ஓடும்? இதைப் பற்றி அண்ணன்மார் வீட்டில் சண்டையிடுவதை நம்மில் சிலர் கேட்டிருப்போம். அந்தச் சண்டையில் சேருமுன், அளக்கும் முறையைத் தெரிந்துகொள்வோம்.

ஓர் அலுவலகத்தை நினைத்துக்கொள்வோம். எழுத்தர் சீட்டு எழுதி உதவியாளரிடம் கொடுக்கிறார். உதவியாளர் ஒவ்வொரு சீட்டுக்கும் பீரோவுக்கு ஓடுவதில்லை. தம் மேசைமேல் உள்ள தட்டில் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாகக் கொண்டுபோகிறார். பீரோவின் முகப்பிலும் ஒரு சிறு தட்டு இருக்கிறது. இங்கே எழுத்தர்தான் தரவுத்தளம், உதவியாளர் இயக்குதளம். மேசைத்தட்டு கணினியின் நினைவகம், பீரோ வட்டு, முகப்புத் தட்டு, வட்டுக்குள்ளேயே அமைந்த சிறு நினைவகம். மின்சாரம் நின்றால் சாதாரணமாக இரண்டு தட்டுகளிலும் உள்ள சீட்டுகள் அழிந்துபோகும். பீரோவுக்குள் சேர்ந்தவை மட்டுமே மிஞ்சும்.

"கட்டணம் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று திரை காட்டுகிறது. மறுநொடி மின்சாரம் போகிறது. அந்தச் சீட்டு தட்டிலேயே கிடந்திருந்தால், பணம் கட்டிய தாய்க்கு யார் பதில் சொல்வது? ஆகவே முக்கியமான பதிவு ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளம், "பீரோவில் வைத்துவிட்டாயா?" என்று இயக்குதளத்தைக் கேட்டு, "வைத்தாயிற்று" என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். இப்படிக் கேட்கும் கட்டளைகளுள் ஒன்றுக்கு எஃப்சிங்க் என்று பெயர். நாம் அளக்கும் வேகத்தின் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பில்தான் அடங்கியிருக்கிறது. அந்த "வைத்தாயிற்று" என்ற சொல்லுக்கோ எல்லா இயக்குதளத்திலும் ஒரே பொருள் இல்லை!

மேக்கில் சாதாரண எஃப்சிங்க் கட்டளை சீட்டை முகப்புத் தட்டுவரை கொண்டுசேர்க்கும். பீரோவுக்குள்ளேயே வைக்க வேண்டுமானால், ஃபுல்எஃப்சிங்க் என்ற வேறொரு கட்டளை தேவை. லினக்ஸில் இன்று பரவலாக உள்ள ஈஎக்ஸ்டி4 கோப்புமுறையோ, இயல்பான அமைப்பில், முகப்புத் தட்டையும் காலிசெய்யும்படி வட்டுக்கு ஆணையிடும். போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டால், லினக்ஸில் அது இயல்பாகக் கையாளும் எழுதும் முறை வேறு. விண்டோஸில் கையாளும் முறை வேறு. விண்டோஸின் இயல்பு முறையில் சீட்டு முகப்புத் தட்டில் தங்கிவிட இடமுண்டு என்றும், அதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்றும் போஸ்ட்கிரெஸின் கையேடே சொல்கிறது. மென்பொருளை நிறுவியவுடன், எந்த அமைப்பையும் பார்க்காமல் இரண்டு கணினிகளிலும் ஓட்டி, "இதுதான் வேகம்" என்று சொல்பவர், பீரோவரை நடந்தவரையும் பாதி வழியில் நின்றவரையும் ஒரே பந்தயத்தில் சேர்க்கிறார்.

இதைக் கண்டுபிடிக்க ஆறாம் வகுப்புக் கணக்கு போதும். சுழலும் வட்டுகளில் பரவலான ஒரு வகை நிமிடத்திற்கு 7200 முறை சுற்றுகிறது. நொடிக்கு எத்தனை? 7200-ஐ 60-ஆல் வகுத்தால் 120. எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில், ஒரு பதிவு முறையாக வட்டில் சேர ஏறக்குறைய இரண்டு சுற்றுகள் வேண்டும். ஆகவே நொடிக்குச் சுமார் 60 பதிவுகள்தாம் முடியும். அத்தகைய வட்டில், தனித்தனியாக நொடிக்குப் பல ஆயிரம் பதிவுகளை எழுதினேன் என்று ஒரு கணினி சொன்னால், பாராட்டுமுன் சந்தேகப்படலாம். (பல பதிவுகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினால் ஆயிரக்கணக்கில் எழுதலாம், அது நியாயமான வழிதான். சுழலாத புதுவகை வட்டுகளுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது.)

உண்மையாகவே இயக்குதளத்தால் வரும் வேறுபாடுகளும் உண்டு. போஸ்ட்கிரெஸ் தன்னிடம் வரும் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வேலையாள் ஒருவரை அமர்த்தும். லினக்ஸில் ஃபோர்க் என்ற வசதியால், இருப்பவரைப் படியெடுத்துப் புதியவரை உடனே உண்டாக்கலாம். விண்டோஸில் அதற்கு நேரான வசதி இல்லாததால், ஒவ்வொருவரையும் தொடக்கத்திலிருந்து தயார்செய்ய வேண்டும். எனவே ஒவ்வொரு கேள்விக்கும் புது இணைப்புத் திறந்து மூடும் சோதனையில் விண்டோஸ் பின்தங்கும். இணைப்பைத் திறந்தே வைத்துக் கேட்டால் இந்தக் குறை தெரியாது.

நம்மை மிகவும் வியக்கவைத்தது 2018-ஆம் ஆண்டு நடந்த செய்தி. வட்டில் எழுதும்போது பழுது நேர்ந்தால், லினக்ஸ் "முடியவில்லை" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, சீட்டு பத்திரமாகச் சேர்ந்துவிட்டதாகவே குறித்துக்கொண்டது. தரவுத்தளம் மறுபடியும் கேட்டால், "வைத்தாயிற்று" என்ற பதில் வந்தது! ஃப்ரீபிஎஸ்டி என்ற இயக்குதளமோ சீட்டைக் கைவிடாமல் வைத்திருந்து மீண்டும் முயன்றது. போஸ்ட்கிரெஸை உருவாக்குவோர் பல ஆண்டுகளாக இதைக் கவனிக்காமலே இருந்திருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் வெளியிட்ட திருத்தத்தில், அத்தகைய பழுது நேர்ந்தால் தரவுத்தளம் உடனே நின்றுவிட்டு, தன் குறிப்பேட்டிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்கும்படி செய்தார்கள். வேகத்தை மட்டும் அளந்த எந்தச் சோதனையிலும் இது வெளிப்பட்டிருக்காது.

அளக்க விரும்புவோர் ஒரே கணினியில், ஒரே வட்டில், இயக்குதளத்தை மட்டும் மாற்றி அளக்க வேண்டும். எழுதும் முறையை இரண்டிலும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முதல் ஓட்டத்தை மட்டும் நம்பலாகாது. இரண்டாம் ஓட்டத்தில் பதிவுகள் நினைவகத்திலேயே இருப்பதால் கணினி பறப்பது போலத் தோன்றும். துணிவுள்ளவர்கள், இழந்தாலும் கவலையில்லாத பதிவுகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, எத்தனை மிஞ்சின என்று எண்ணிப் பார்க்கலாம். சிஸ்டரிடம் அனுமதி பெற்ற பிறகு!

நம் நூலகத்துக்கு எந்த இயக்குதளம் நல்லது என்று கேட்பீர்கள். மணி அடித்தவுடன் நூறு பேர் ஓடிவந்து புத்தகம் எடுத்தாலும், நொடிக்கு 60 பதிவுகள் எழுதும் பழைய வட்டுக்கு அது இரண்டு நொடி வேலை. மீதி நேரமெல்லாம், எந்தக் கதைப் புத்தகம் வேண்டும் என்று நாம் முடிவு செய்வதற்குள் போய்விடுகிறது.