கணைய அழற்சியிலிருந்து தேறி வந்தவர்களுக்கு



சென்ற மாதம் மருத்துவ உதவி மனு கொடுக்க வந்த ஒரு தாயார், மகனுடைய நோயின் பெயரைச் சொல்லவே கூசினார். கணைய அழற்சி. "குடிக்கிறவங்களுக்குத்தான் அது வரும்னு தெருவே பேசுது பாய்" என்று அழுதார். அந்தப் பிள்ளை மதுவைத் தொட்டதே இல்லை. ஸ்கேனில் தெரிந்தது பித்தப்பைக் கல்.

மது ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பலருக்கு இந்நோய் பித்தப்பைக் கல்லால்தான் வருகிறது. கல் நழுவி வந்து, பித்தக் குழாயும் கணையக் குழாயும் குடலில் சேரும் வாயை அடைத்துக்கொள்கிறது. உணவைச் செரிக்க வேண்டிய கணைய நீர் கணையத்தையே அரிக்கத் தொடங்குகிறது. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு 1000 மி.கி.க்கு மேல் ஏறினாலும் வரலாம். தெருவில் பேசியவர்கள் அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

"வலிதான் போய்விட்டதே, ஆபரேஷன் எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். வலி போனது, கல் போகவில்லை. லேசான தாக்குதலாக இருந்தால், வீடு திரும்பும் முன்பே பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்கிறது இன்றைய மருத்துவம். தள்ளிப்போட்டால் சில வாரங்களிலேயே மறுபடி வரலாம், முன்னதைவிடக் கடுமையாகவும் வரலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை, வீக்கம் வடியும்வரை பொறுக்கும்படி டாக்டரே சொல்வார். பித்தப்பை இல்லாமல் சாதாரணமாக வாழலாம்.

சாப்பாட்டைச் சிறிது சிறிதாக, நாளைக்கு ஐந்தாறு தடவை சாப்பிடுங்கள். இட்லி, இடியாப்பம், ரசம் சோறு, குழம்பு மீன், தோல் நீக்கிய கோழி போதும். நெய்ச்சோறு, பாயா, சமுசா இப்போதைக்கு வேண்டாம். வலீமா பந்தியில் "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்துகிறவர்கள் நோயாளிக்கு நன்மை செய்யவில்லை. மது அறவே ஆகாது. பீடி, சிகரெட்டும் கணையத்தைக் கெடுக்கும்.

பிறகு சர்க்கரை நோய் வரக்கூடும். அவ்வப்போது இரத்தம் பாருங்கள். மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்து, உடல் இளைத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மாத்திரை உண்டு.

ரமளான் வந்தால் டாக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்காதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குணமானபின் களாச் செய்யலாம். பகலெல்லாம் வெறும் வயிறு, மஃரிபுக்குப் பின் வடையும் சமுசாவும் என்பது இந்நோய்க்கு ஆகாது.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, "கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆபரேஷனுக்குப் பணம்தான் தடை என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், காப்பீட்டு அட்டையுடன் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகம் வாருங்கள். நோயின் பெயர் வெளியே போகாது.