துருப்பிடித்த சேஸ்: ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா, வண்டியையே விடுவதா?



"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் வியாபாரத்துக்கென்றே சொல்லி வைத்த பழமொழி. அந்தச் சுமைகூலியை மிச்சம் பிடிக்கத்தான் நம்மில் பலர் சொந்தமாக ஒரு குட்டி யானையோ, பிக்கப்போ, மினி லாரியோ வாங்கி ஓட்டுகிறோம். கடையில் உள்ள சரக்கின் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் நாம், வண்டியின் அடிப்பக்கத்தை மட்டும் குனிந்து பார்ப்பதில்லை. எஃப்.சி. நெருங்கும்போது பட்டறைக்காரர் கூப்பிட்டு, "சேஸ் துருப்பிடித்து விட்டது, என்ன செய்யலாம்?" என்று கேட்கும்போதுதான் விழிக்கிறோம். அந்தக் கேள்விக்கு எப்படி விடை காண்பது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

நான் தூத்துக்குடியில் நாற்பது ஆண்டாக உப்பும் மளிகையும் மொத்த வியாபாரம் செய்பவன். மெக்கானிக் அல்ல. ஆனால் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்தும், வேறொன்று கொடுத்தும் கற்றவன்.

1996-இல் நடந்தது

அப்போது என்னிடம் ஒரு பழைய மினி லாரி இருந்தது. உப்பு மூட்டை ஏற்றி ஏற்றிப் பின்பக்கச் சேஸ் பொரிந்து போயிருந்தது. நல்ல முறையில் வேலை செய்ய ஒரு பட்டறையில் பெரிய தொகை கேட்டார்கள். இன்னோரிடத்தில் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, கருப்புப் பெயிண்ட் பூசி, ஒரே நாளில் சில நூறு ரூபாயில் முடித்துத் தந்தார்கள். மிச்சம் பிடித்து விட்டதாக மகிழ்ந்தேன்.

இரண்டு மாதம் கழித்து டிரைவர், "அண்ணாச்சி, பின்னால ஒரு சத்தம் கேக்கு" என்றார். தீபாவளிச் சரக்கு போகிற நேரம். "பண்டிகை முடியட்டும், பார்ப்போம்" என்றேன். எட்டயபுரம் தாண்டிப் போகும்போது, ஒட்டுப் போட்ட தகட்டின் ஓரத்திலேயே சேஸ் விட்டது. பின் பட்டையைத் தாங்கும் ஹேங்கர் பிய்ந்து, அச்சு ஒரு பக்கம் இழுத்து, வண்டி பள்ளத்தில் இறங்கியது. டிரைவருக்குக் கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் படுக்கை.

ஆஸ்பத்திரிச் செலவையும் வீட்டுச் செலவையும் நான் ஏற்றேன். அது பெரிதல்ல. நான் பார்க்கப் போனபோது அவர் கோபப்படவில்லை. "சொன்னேம்லா அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. ஆகவே வாசகர்கள் இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகளைப் படிக்கும்போது, அந்தச் சேஸின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

துரு ஏன் நம் வண்டியை முதலில் பிடிக்கிறது?

இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் அது பல மடங்கு வேகம். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீராகக் கசியத் தொடங்கும். கல் உப்போடு ஒட்டி வரும் மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியும். கடற்கரை ஊரில் அது ஏறக்குறைய எந்நாளும் ஈரமாகவே இருக்கும் என்று பொருள். அந்த நீர் பாடியின் பலகை இடுக்கு வழியாக இறங்கிச் சேஸின் மடிப்பில் தங்குகிறது. மீன் பெட்டி, கருவாடு ஏற்றும் வண்டிகளுக்கும் இதே கதிதான்.

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் இரண்டு தகடு சேரும் இடத்தில் துரு புகுந்தால் தகடுகள் உப்பிப் பிரிகின்றன, ரிவெட்டுகள் தளர்கின்றன.

எவ்வளவு என்று பார்க்காதீர்கள், எங்கே என்று பாருங்கள்

இதுவே இந்தப் பாடத்தின் உயிர்நாடி. கடையில் பலகைத் தட்டில் மூட்டை அடுக்கினால் பலகை எங்கே வெடிக்கிறது? அடிப்பக்கத்தில். சேஸும் அப்படியே. அதன் நீளச் சட்டங்கள் பெரும்பாலும் 'ப' வடிவத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போல் இருக்கும். சுமை ஏறும்போது மேல் விளிம்பு நசுங்கப் பார்க்கிறது. கீழ் விளிம்பு இழுபடுகிறது. நடுவில் நிற்கும் தகட்டுக்கு அந்த அளவு வேலை இல்லை. நடுத் தகட்டில் ஒரு சின்ன ஓட்டை பயங்கரமாகத் தெரியும். ஆனால் விளிம்பு தேய்ந்து மெலிந்திருப்பதே உண்மையான ஆபத்து.

முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

1. முன், பின் பட்டைகளைத் தாங்கும் ஹேங்கர், ஷேக்கிள் இருக்கும் இடம்.
2. கேபின் முடிந்து சரக்குப் பாடி தொடங்கும் இடம். சேஸ் அதிகம் வளைவது இங்கேதான்.
3. ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடம்.
4. கிராஸ் மெம்பர்கள் நீளச் சட்டத்தோடு சேரும் மூலைகள்.
5. பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் வைத்த மரச்சட்டம் அல்லது ரப்பர் பட்டையின் அடிப்பக்கம். உப்பு நீர் தங்கும் இடம் இது. பாடியைத் தூக்கினால் ஒழியக் கண்ணுக்குத் தெரியாது.

சோதிக்கும் முறை

வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிக் காய விடுங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பொருக்கை உதிருங்கள். பிறகு சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கணீரென ஒலிக்கும். உளுத்த இரும்பு 'தொப்' என்று செத்த ஓசை தரும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை, துருதான் இருக்கிறது.

அடுத்து, தேயாத ஓர் இடத்தில் விளிம்பின் கனத்தை வெர்னியரால் அளந்து, துருப்பிடித்த இடத்தோடு ஒப்பிடுங்கள். நானும் எங்கள் பட்டறைக்காரரும் வைத்திருக்கும் கைக்கணக்கு இது: பத்தில் ஒரு பங்குக்குள் தேய்ந்திருந்தால் சுத்தம் செய்து பெயிண்ட் அடித்தால் போதும். ஐந்தில் ஒரு பங்கை எட்டினால் வலுவூட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். மேலே சொன்ன ஐந்து இடங்களில் மூன்று நான்கில் அப்படி இருந்தால், ஒட்டு வேலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நல்ல வேலை, மோசமான வேலை

துருவின் மேலேயே தகடு வைத்து வெல்டிங் அடிப்பது வேலை அல்ல, மூடி மறைப்பது. உள்ளே ஈரம் அடைபட்டு இன்னும் வேகமாகத் தின்னும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, அதே கனமுள்ள தகட்டை இணைக்க வேண்டும். வலுவூட்டும் தகட்டின் முனை நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. சாய்வாக வெட்டியிருக்க வேண்டும். விளிம்பின் குறுக்கே வெல்டிங் ஓடவே கூடாது. விளிம்பில் துளையும் போடக் கூடாது. என் வண்டி முறிந்தது அந்தக் குறுக்கு வெல்டிங்கின் ஓரத்தில்தான். இக்கால வண்டிகளில் வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்; இல்லையெனில் மின்னணுக் கருவி கெட்டு வேறு செலவு வரும். வேலை முடிந்ததும் துத்தநாகம் கலந்த பிரைமர், அதன் மேல் பெயிண்ட்.

கணக்குப் பார்ப்பது எப்படி?

செலவை மட்டும் பார்க்காமல், வண்டி நிற்கும் நாளின் வாடகையையும் சேர்த்து, எத்தனை ஆண்டு தாங்கும் என்பதால் வகுக்க வேண்டும். ஓர் உதாரணம் (தொகைகள் கணக்குக்காக எழுதியவை; உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்): வண்டி நிற்கும் நாளுக்கு வாடகை வண்டிச் செலவு 1,500 ரூபாய் என்று கொள்வோம்.

ஒட்டு வேலை: 18,000 ரூபாய், 4 நாள் நின்றதற்கு 6,000. மொத்தம் 24,000. தாங்குவது ஓராண்டு. ஆண்டுக்கு 24,000.

பாடியைத் தூக்கிச் செய்யும் முறையான வேலை: 55,000, 10 நாளுக்கு 15,000. மொத்தம் 70,000. தாங்குவது நான்கு ஆண்டு. ஆண்டுக்கு 17,500.

முழுச் சேஸ் மாற்றுவது: 1,40,000, 20 நாளுக்கு 30,000. மொத்தம் 1,70,000. சேஸ் பத்தாண்டு தாங்கலாம். ஆனால் என்ஜினும் கியர் பாக்ஸும் இன்னும் நான்கு ஆண்டுதான் என்றால், வகுக்க வேண்டியது நான்கால். ஆண்டுக்கு 42,500.

மலிவாகத் தெரிந்த ஒட்டு வேலை, முறையான வேலையைவிட விலை கூடியது என்பதைப் பாருங்கள். இன்னொரு வரம்பும் உண்டு. பழுது பார்த்த பின் வண்டி என்ன விலை போகுமோ, அதில் பாதிக்கு மேல் பழுதுச் செலவு வந்தால், வண்டியை விட்டு விடுவதே நலம். தேய்மானத்துக்கும் துருவுக்கும் இன்சூரன்ஸில் பணம் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சட்டம் சொல்வது

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. சேஸ் எண் பொறித்த பகுதியை வெட்டுவதற்கோ, முழுச் சேஸை மாற்றுவதற்கோ முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். எண்ணை நாமே வேறு தகட்டில் பொறித்துக்கொள்வது குற்றம். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும்; வயது ஏறினால் கட்டணமும் ஏறும்.

வண்டியை விடுவதென்று முடிவானால், பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். 2021-இல் வந்த விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால் பதிவுக் கட்டணத்தில் விலக்கு உண்டு.

வராமல் காக்க

உப்பு ஏற்றும்போது மூட்டைக்கு மேலே மட்டுமல்ல, கீழேயும் தார்பாய் விரியுங்கள். வாரம் ஒரு முறை அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். உவர் போர் தண்ணீரில் கழுவினால் பயனில்லை. சேஸில் உள்ள நீர் வடியும் துளைகளை மண் அடைக்காமல் பாருங்கள். பழைய என்ஜின் ஆயிலை அடிக்கும் வழக்கத்தை விடுங்கள். ஈர உப்பின் மேல் அடித்தால் உப்பு உள்ளேயே தங்கும், ரப்பர் புஷ்களும் கெடும். பழைய வண்டி வாங்கப் போனால், அடியில் புத்தம் புதுக் கருப்புப் பெயிண்ட் தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், சுத்தியலை எடுங்கள்.

கடைசியாக ஒன்று. சுத்தியலுக்கும் வெர்னியருக்கும் முன்பே துருவை அறிபவர் டிரைவர். மாதம் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, "வண்டியில் ஏதாவது சத்தம் வருதா?" என்று கேளுங்கள். வருகிறது என்று சொன்னால், எந்தப் பண்டிகையாக இருந்தாலும் அன்றே வண்டியைப் பட்டறைக்கு விடுங்கள். சரக்கு ஒரு நாள் தாமதமாகப் போனால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார்.