உயரப் பாரமும் கட்டும் பட்டையும்

எடைமேடைச் சீட்டு சரியாக இருந்தால் பாரமும் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கை நம் சங்கங்களில் உண்டு. இரும்புக்கும் சிமெண்டுக்கும் அது ஓரளவு பொருந்தலாம். நம் ஜில்லாவின் சரக்குகளுக்குப் பொருந்தாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் வற்றல், வைக்கோல், முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கங்களில் சீமைக்கருவேலிலிருந்து சுடப்படும் கரி, பரமக்குடி நெசவாளரின் ஜவுளிக் கட்டு ஆகிய யாவும் இடத்தை மிகுதியாகக் கொள்பவை, கனத்தில் குறைந்தவை. லாரி தாங்கும் எடை நிறையுமுன்பே அடுக்கு ஆளுயரத்தைத் தாண்டிவிடுகிறது. அந்த உயரத்தை எடைமேடை சொல்வதில்லை.

பக்கப் பலகை இல்லாத தள லாரியில் இத்தகைய பாரத்தைக் கட்ட, கயிற்றுக்குப் பதிலாக ராட்செட் கைப்பிடியுள்ள பாலியெஸ்டர் பட்டை இப்போது வழக்கத்திற்கு வந்துள்ளது. லாரித் தொழிலாளர் அதனை 'பெல்ட்' என்பர். நல்ல சாதனமே. ஆயின் அது என்ன செய்கிறது என்பதில் மயக்கம் இருக்கிறது. 50 மில்லிமீட்டர் அகலப் பட்டையின் சீட்டில் 2500 என்று கண்டவுடன், அது பாரத்தை இரண்டரை டன் பலத்துடன் பிடித்துக்கொள்ளும் எனச் சிலர் எண்ணுகின்றனர். அந்த எண் பட்டை நேராக இழுக்கப்படும்போது தாங்கத்தக்க அளவு. கையால் கைப்பிடியை இறுக்கும்போது ஏறும் இழுப்போ ஏறக்குறைய 250, 300 கிலோதான். பாரத்தின் மேலாகச் செல்லும் பட்டை இருபுறமும் கீழ்நோக்கி இழுப்பதால், மிஞ்சிப்போனால் 500, 600 கிலோ அழுத்தம் கிடைக்கும். பாரத்தை நகராமல் வைப்பது பட்டையன்று. அந்த அழுத்தத்தால் சாக்குக்கும் தளத்திற்கும் இடையே கூடும் உராய்வே.

கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டு டன் பாரம். மூட்டைக்கும் பலகைக்கும் உராய்வு எடையில் பத்தில் மூன்று பங்கு எனக் கொள்வோம். பாரத்தின் சொந்தக் கனமே 2,400 கிலோ அளவுக்கு நகர்வைத் தடுக்கும். திடீரென்று பிரேக் போடும்போது பாரம் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையுடன் முன்னோக்கித் தள்ளும் என்று ஐரோப்பியத் தர விதி கொள்கிறது. அதாவது 6,400 கிலோ. குறையும் 4,000 கிலோவைப் பட்டைகளால் மட்டும் ஈடுசெய்வதென்றால், ஒன்றுக்கு 150 கிலோ வீதம் 27 பட்டைகள் வேண்டும்! எந்த லாரியில் இது நடக்கும்? ஆகவே முன்தட்டியை ஒட்டி, இடைவெளியின்றி அடுக்குவதே முன்னோக்கிய தள்ளலுக்கு மருந்து. முன்தட்டி இல்லாத லாரியை உயரப் பாரத்திற்கு வாடகைக்கு எடுத்தலே கூடாது என்பது நம் கருத்து.

பக்கவாட்டுச் சரிவு வேறு விஷயம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது, பாரத்தின் எடையில் கால் பங்கு விசை வெளிப்புறம் தள்ளுகிறது. அதே வளைவில் 60 கிலோமீட்டர் என்றால் பாதிக்கும் மேல். அப்போது உயரப் பாரம் ஏற்றிய லாரியே கவிழக்கூடும். 60 சென்டிமீட்டர் அகல மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேர்த் தூண்போல 2.8 மீட்டர் உயரம் அடுக்கினால், அத்தூண் எடையில் ஐந்தில் ஒரு பங்கு விசைக்கே சாய்ந்துவிடும். 40 கிலோமீட்டர் வேகமே அதற்குப் போதும். செங்கல் சுவர் எழுப்பும் கொத்தனார் செய்வதுபோல, கீழ் வரிசையின் இணைப்பை மேல் வரிசை மூடும்படி மாற்றி மாற்றி அடுக்கினால், பாரம் முழுவதும் லாரியின் அகலமுள்ள ஒரே கட்டியாக நிற்கும். பட்டைக்குக் கொடுக்கும் காசைவிட அடுக்கத் தெரிந்த தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி இதனால்தான் பயன் மிகுந்தது.

பட்டையில் கவனிக்க வேண்டிய பெரிய குறை ஒன்றுண்டு. எட்டு மீட்டர் பட்டை 250 கிலோ இழுப்பில் 5, 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளாது. வற்றல் மூட்டையும் வைக்கோலும் ஓட்டத்தின் குலுக்கலில் அமுங்குபவை. அடுக்கு 3 சென்டிமீட்டர் இறங்கினால் இருபுறமும் அந்நீளம் தளர்ந்து, பட்டையின் இழுப்பு அநேகமாக இல்லாமற் போகிறது. புறப்படும்போது வீணைத் தந்திபோல் விறைத்திருந்த பட்டை, சில மைல் தூரத்தில் வெறும் அலங்காரமாகிவிடும். இதற்கஞ்சி முதலிலேயே அளவுக்கு மீறி இறுக்கினால் வற்றல் நொறுங்கி விலை இறங்கும். மேல் விளிம்பு நெடுகப் பலகையோ மூங்கிலோ வைத்து அதன்மேல் பட்டையைப் போடுவது நன்று. அழுத்தம் பரவும், பட்டையும் தேயாது. அறுந்த பட்டையை முடிச்சிட்டுப் பயன்படுத்துதல் தகாது. முடிச்சு விழுந்த பட்டை தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

நம் கரையில் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடு இருந்தது. 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தில், புயல் எச்சரிக்கை இல்லாத சாதாரண நாளில், போவதா நிற்பதா என்பதை லாரி ஓட்டுநரே தீர்மானிக்கிறார். அந்த 58 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 16 கிலோ அழுத்தம் தரும். ஆறு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமுமான வைக்கோல் பாரத்தின் பக்கத்தில் அது 240 கிலோ. காற்றின் வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்று, தீவை நோக்கிச் செல்லும் லாரியின் வலப்புறத்தில் மோதும். தளர்ந்த படுதா பாய்மரமாகவே மாறிவிடும். முன்படுதாவின் ஓரம் பின்படுதாவின் மேல் படியும்படி விரித்து, அதன்மேல் பட்டை போட்டால் காற்று உள்ளே புகாது.

சட்டமும் சும்மா இருப்பதில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, பாரம் பக்கத்திலோ முன்பின்னிலோ நீட்டிக்கொண்டிருந்தாலும், அனுமதித்த உயரத்தை மீறினாலும் அபராதம் 20,000 ரூபாய். மிகையை இறக்கும் செலவு தனி. சரக்கு நஷ்டமானாலோ, கூடுதல் அபாயக் கட்டணம் செலுத்தி ஒப்பந்தம் செய்யாதவரை, 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி லாரிக் கம்பெனியின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்குக்குள் அடங்கிவிடும். ஓராண்டு வற்றலின் மதிப்புக்கு அது எம்மாத்திரம்? பாரத்தின் உச்சியில் ஆளை ஏற்றி அனுப்பும் வழக்கமோ எந்தக் கணக்கிலும் அடங்காது. அதனைச் சங்கங்கள் உடனே நிறுத்த வேண்டும்.

கிடங்குக் குமாஸ்தாவிடம் அளவுக்குறி இட்ட மூங்கில் கோல் ஒன்று இருக்கட்டும். அனுப்புச் சீட்டில் எடையோடு உயரத்தையும், பட்டைகளின் எண்ணிக்கையையும், மீண்டும் இறுக்க வேண்டிய இடங்களையும் அவர் எழுதி ஓட்டுநரிடம் கையொப்பம் பெறலாம். இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குச் செல்லும் லாரிக்குச் சத்திரக்குடியில் ஒருமுறை, பரமக்குடியில் ஒருமுறை. தீவுக்குச் செல்வதற்கு உச்சிப்புளியிலும், பாலம் ஏறுமுன் மண்டபத்திலும்.