பாட்டி நகையின் கல்லைக் கழற்றாமல் சோதிப்பது எப்படி?

மயிலாப்பூர் வீடுகளின் பழைய நகைப் பெட்டிகளைப் பற்றி ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அட்டிகையில் இருப்பது மாணிக்கமா, சிவப்புக் கண்ணாடியா? மூக்குத்தியில் வைரமா, அமெரிக்கன் டைமண்டா? பவளம் அசலா, சாயம் ஏற்றியதா? கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் பழைய கட்டு திரும்ப வராது. பெயர்க்காமலே விடை சொல்லக்கூடியது ராமன் நிறமாலைச் சோதனை.

ஒரு பொருளின் மேல் லேசர் ஒளி பட்டால் பெரும்பகுதி அதே நிறத்தில் சிதறும். ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு மட்டும், உள்ளே அணுக்கள் அதிரும் அளவுக்கு ஏற்ப நிறம் மாறி வரும். அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறு; கருவி அதை செ.மீ⁻¹ அலகில் உச்சங்கள் கொண்ட வரைபடமாகக் காட்டும். பக்கத்துப் பிரசிடென்சி கல்லூரியில் 1907-இல் எம்.ஏ. முடித்த சி.வி. ராமன், 1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் இதைக் கண்டறிந்தார். அவரிடம் இருந்தது சூரிய ஒளியும் பாதரச விளக்கும்தான். 1960-இல் லேசர் வந்த பிறகே இது நிமிடங்களில் முடியும் வேலையானது. அந்த முதல் லேசருக்குள் இருந்ததும் ஒரு செயற்கை மாணிக்கத் தண்டு!

முதலில் இடம். அடையாறு தாண்டி ஐஐடி வளாகத்தில் உள்ள சைஃப் என்ற பகுப்பாய்வுக் கருவி மையம், கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியாருக்கும் பகுப்பாய்வு செய்து தருகிறது. எங்கே போவதானாலும் முன்கூட்டியே மூன்று கேள்விகள் கேளுங்கள்: முழு நகையை அப்படியே வைக்க முடியுமா, நுண்ணோக்கி இணைந்த கருவியா, எந்த அலைநீள லேசர்?

அடுத்தது சுத்தம் செய்வது. பாதிப் பேர் தவறுவது இங்கேதான். மஞ்சள், குங்குமம், சந்தனம், தோலின் எண்ணெய் எல்லாம் கல்லின் விளிம்பில் படிந்திருக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் லேசர் பட்டதும் தானே பளிச்சென ஒளிர்ந்து, கல்லின் மெல்லிய சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். அதற்காக ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். பழைய கட்டுகளில் கல்லுக்குப் பின்னால் அரக்கு இருக்கும். அது ஸ்பிரிட்டில் கரையும், வெந்நீரில் இளகும். முத்துக்கு எலுமிச்சை, வினிகர் ஆகவே ஆகாது. சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் கல்லின் முகத்தை மட்டும் துடைத்து, நிழலில் உலரவிடுங்கள்.

சோதனை அறையில், முதலில் சிலிக்கான் துண்டை வைத்து அளக்கச் சொல்லுங்கள். அதன் உச்சம் 520.5 செ.மீ⁻¹ அருகே விழுந்தால் கருவி சரி. பிறகு கல்லின் மேல் பரப்பில் குவியம்; ஆழத்தில் குவித்தால் அரக்கும் தகடும் பேச ஆரம்பிக்கும். லேசர் ஓரிரு மில்லிவாட்டில் தொடங்கட்டும். பவளத்தின் நிறமி அதிகத் திறனில் வெளுத்துப் போகும். ஒரே கல்லை இரண்டு மூன்று இடங்களில் அளப்பது நல்லது. படிகம் திரும்பியிருக்கும் கோணத்தைப் பொறுத்து உச்சங்களின் உயரம் மாறும், இடம் மாறாது.

இனி வரைபடத்தைப் படிப்பது. வைரம் என்றால் 1332-இல் ஒற்றை ஊசிபோல் ஒரு கோடு. வைரம் போலத் தோன்றும் மொய்ஸனைட் 789 அருகே காட்டும். அமெரிக்கன் டைமண்டில் அகன்ற மேடுகள்தான்.

மாணிக்கம் கொஞ்சம் சுவாரசியமானது. 532 நானோமீட்டர் பச்சை லேசரில் அதிலுள்ள குரோமியம் 692.8, 694.3 நானோமீட்டரில் இரட்டைக் கோடுகளாகச் சிவந்து ஒளிரும். அந்த இரட்டையே நல்ல சான்று. சிவப்புக் கண்ணாடியில் அது வராது. 785 நானோமீட்டர் லேசரில் 418 செ.மீ⁻¹ அருகே ராமன் உச்சத்தைத் தேடுங்கள். 405 பக்கம் வந்தால் அது ஸ்பினல். பிரிட்டிஷ் மகுடத்தில் மாணிக்கம் என்று பெயர் வாங்கிய பெரிய சிவப்புக் கல்லே ஸ்பினல்தான் என்பதால், உங்கள் பாட்டியை யாரும் ஏமாற்றினார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

முத்து, பவளம் இரண்டிலும் 1085-இல் கார்பனேட்டின் உச்சம் வரும். பிளாஸ்டிக் மணியில் வராது. அசல் செம்பவளம் கூடவே 1130, 1520 அருகே இயற்கை நிறமியின் கோடுகளையும் தரும். வெள்ளைப் பவளத்தில் சாயம் ஏற்றியிருந்தால் அந்த இரண்டும் அந்த இடங்களில் இருக்காது.

ஒரு எல்லையைத் தெரிந்துகொண்டு போங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான், அதுவும் 1332 காட்டும். உலையில் செய்த மாணிக்கமும் அப்படியே. பூமியில் விளைந்ததா என்று அறிய, திரவ நைட்ரஜன் குளிரில் ஒளிர்வை அளப்பது போன்ற வேறு சோதனைகள் வேண்டும். இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்பதற்கு எக்ஸ்ரே. இந்தக் கேள்விகளுக்கு ராமன் உச்சத்தை மட்டும் காட்டிச் சான்றிதழ் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கிளம்பும்போது படம் மட்டும் போதாது, எண்கள் உள்ள கோப்பையும் கேட்டு வாங்குங்கள். லேசரின் அலைநீளம், திறன், அளந்த நேரம், எந்தக் கல் என்று குறியிட்ட புகைப்படம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பிரதி ஒன்றை நகைப் பெட்டியிலேயே வையுங்கள். நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது மறுபடி அளக்க வேண்டியிருக்காது.